டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று கணினி சொல்லும்போது

திங்கள்சந்தையில் நகல் எடுக்கும் கடையும் அதையொட்டித் தட்டச்சு வேலையும் நடத்திவரும் ஒரு சகோதரியின் கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். அவர் நாகர்கோவிலில் பழைய கணினி ஒன்றை வாங்கியிருக்கிறார். விண்டோஸ் 7, 64 பிட், 4 ஜிபி நினைவகம். தெரிந்தவர் ஒருவர் பென்டிரைவில் தந்த, லிப்ரேஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் பழைய பதிப்பை நிறுவித் திறந்தபோது, 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி-ரன்டைம்-எல்1-1-0.டிஎல்எல் உங்கள் கணினியில் இல்லாததால் நிரலைத் தொடங்க இயலவில்லை. மீண்டும் நிறுவிப் பாருங்கள்' என்ற செய்தி வந்திருக்கிறது. மூன்று முறை மீண்டும் நிறுவியும் அதே செய்தி. பிறகு இணையத்தில் அந்தப் பெயரைத் தேடி, இலவசமாக டிஎல்எல் (நிரல்கள் பொதுவாக நாடும் துணைக் கோப்பு) தரும் ஒரு தளத்திலிருந்து கோப்பை இறக்கி, சிஸ்டம்32 கோப்புறையில் ஒட்டியிருக்கிறார். இப்போது பழைய செய்தி போய், 0எக்ஸ்சி000007பி என்று முடியும் புதிய செய்தி வருகிறது. பார்க்க வந்த பழுதுநீக்குநர், ஃபார்மட் செய்யாமல், அதாவது வட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றாமல், சரியாகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 'கடைக்கு வந்தவர்களின் மனுக்களும் விண்ணப்பங்களும் உள்ளே கிடக்கின்றன, ஃபார்மட் செய்தே ஆக வேண்டுமா?' என்பது அவருடைய கேள்வி.

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் அந்த மனுக்களையும் விண்ணப்பங்களையும் வேறொரு வட்டில் படியெடுத்துக்கொள்ளுங்கள். கீழே எழுதப்போகும் எந்தப் படியும் உங்கள் கோப்புகளை அழிக்காது. எனினும் பழைய கணினியின் வன்தட்டை நம்பி யாரும் உறுதி கொடுக்க முடியாது. இன்னொன்று: கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

முதலில் அந்தக் கோப்பு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது தெரிந்தால் அதைத் தனியாக இறக்கி ஒட்டும் எண்ணமே வராது. சி மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் எல்லாமே கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்பது, நேரம் பார்ப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கு ஒரு பொது நூலகத்தை நாடுகின்றன. மைக்ரோசாஃப்ட் 2015ஆம் ஆண்டில் அந்த நூலகத்தைப் பிரித்து, அதன் பெரும்பகுதியை விண்டோஸின் சொந்த உறுப்பாகவே ஆக்கியது; அதற்கு யுனிவர்சல் சி ரன்டைம் என்று பெயர். அந்த ஆண்டு ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 அதைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. அதற்கு முன்பே பிறந்துவிட்ட விண்டோஸ் 7 போன்றவற்றுக்குக் கேபி2999226 என்ற எண்ணுள்ள இற்றைப்படுத்தலின் (அப்டேட்) வழியாக அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. உங்கள் கணினியில் அந்த இற்றைப்படுத்தல் ஏறவில்லை. குறை அவ்வளவுதான்.

நீங்கள் இறக்கி ஒட்டிய கோப்பினுள் வேலை செய்யும் நிரல் என்று சொல்லத்தக்கது ஏதும் கிடையாது. 'இதை யுசிஆர்டிபேஸ் என்ற கோப்பிடம் போய்க் கேள்' என்று கைகாட்டும் குறிப்புகளே அதில் இருக்கின்றன. வடசேரி பேருந்து நிலையத்தில் நின்று பேச்சிப்பாறை வண்டி எங்கே என்று கேட்டால், 'அதோ, அந்தக் கடைசியில்' என்று கைகாட்டும் மனிதரைப் போன்றது அது. அவரை அழைத்துவந்து உங்கள் கடைத் திண்ணையில் உட்கார வைத்தால் வண்டி வந்துவிடுமா? அந்த வரிசையில் கைகாட்டிகள் மட்டுமே ஒரு டஜனுக்கு மேல் உண்டு. ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் அடுத்ததைக் காணோம் என்று கேட்கும், அதையும் வைத்தால் அதற்கடுத்ததை. எல்லாவற்றையும் சேர்த்து, பதிவு செய்து, சரியான இடத்தில் அமர்த்தும் பொதியைத்தான் நிறுவ வேண்டும். 'மீண்டும் நிறுவிப் பாருங்கள்' என்ற அறிவுரை பலிக்காததும் இதனால்தான். குறை இருப்பது விண்டோஸில். லிப்ரேஆஃபீஸை நூறு முறை நிறுவினாலும் அது நீங்காது.

புதிதாக வந்த 0எக்ஸ்சி000007பி என்ற எண்ணுக்குப் பெரும்பாலும் பொருள், நிரலும் அது அழைக்கும் கோப்பும் ஒரே பிட் வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது. இங்கே மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர்களே ஆளைக் குழப்பும். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் 64 பிட் கோப்புகள் இருக்கும். 64 என்ற எண்ணைப் பெயரில் தாங்கிய சிஸ்வாவ்64 கோப்புறையில் 32 பிட் கோப்புகள் இருக்கும். பெயரைப் பார்த்து நேர்மாறாக நினைக்காதவர் யார்? நீங்கள் இறக்கியது 32 பிட் கோப்பு, ஒட்டியது 64 பிட் வீட்டில். அப்படித்தான் இந்தச் செய்தி பிறந்திருக்க வேண்டும். அத்தகைய தளங்கள் தரும் கோப்பு எங்கிருந்து வந்தது, அதில் யார் கைவைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே முதல் வேலை, சிஸ்டம்32 கோப்புறையில் நீங்களே ஒட்டிய அந்த ஒரு கோப்பை நீக்குவது. செய்தியில் வந்த அதே பெயரைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம். பக்கத்தில் இருக்கும் வேறெதையும் தொடவேண்டாம். இறக்கிய மூலக் கோப்பையும் டவுன்லோட்ஸிலிருந்து அழித்துவிட்டு, வைரஸ் தடுப்பு மென்பொருளை ஒரு முறை முழுதாக ஓடவிடுங்கள்.

அடுத்து, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வின்வெர் என்று தட்டிப் பாருங்கள். திறக்கும் சிறு பெட்டியில் பில்ட் 7601 என்றும் சர்வீஸ் பேக் 1 (அதுவரை வந்த இற்றைப்படுத்தல்களின் தொகுப்பு) என்றும் இருந்தால் நல்லது. 7600 என்று இருந்தால், 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 அப்படியே, சர்வீஸ் பேக் ஏறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் கணினியில் 7600தான் இருக்கும் என்பது என் ஊகம். பழைய கணினிகளை விற்பவர்கள், எப்போதோ ஒருமுறை தயாரித்து வைத்த வட்டுப்படியை எல்லா இயந்திரங்களிலும் ஏற்றிவிடுவது வழக்கம். அப்படி ஏற்றப்பட்டவற்றில் இற்றைப்படுத்தல் என்ற பேச்சே இருந்திருக்காது. 7600இல் கேபி2999226ஐ இயக்கினால், 'இந்த இற்றைப்படுத்தல் உங்கள் கணினிக்குப் பொருந்தாது' என்று சொல்லி நின்றுவிடும். நிரல்கள் நாடும் நூலகக் கோப்புகளைத் தரும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ 2015 பொதியை இயக்கினால் அதுவும் உள்ளுக்குள் இதே இற்றைப்படுத்தலை ஏற்ற முயன்று, 0எக்ஸ்80240017 என்ற எண்ணோடு தோற்கும். பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் ஃபார்மட் என்ற முடிவுக்கு வருகிறார்கள். இரண்டு செய்திகளும் கேட்பது ஒன்றையே: சர்வீஸ் பேக் 1 எங்கே?

2011 பிப்ரவரியில் வெளியான அந்தச் சர்வீஸ் பேக் 64 பிட்டுக்கு 900 எம்பிக்கு மேல் வரும். கேபி976932 என்பது அதன் எண். சி வட்டில் ஏறக்குறைய 7 ஜிபி காலியிடம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நம் குமரி மாவட்டத்தில் இந்த வேலைக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நம்மை நனைக்கின்றன. ஐப்பசியில் பிற்பகல் ஆனதும் மலைப்பக்கமிருந்து இடி உருளத் தொடங்கிவிடும், மின்சாரமும் கூடவே போகும். சர்வீஸ் பேக் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், இதுவரை ஒரு கோப்பு மட்டுமே இல்லாதிருந்த கணினியில் நூறு கோப்புகள் குறையோடு நிற்கும். அத்தகைய மாதங்களில் காலையில் தொடங்குங்கள். யுபிஎஸ் பெட்டியின் பேட்டரி பத்து நிமிடமாவது தாங்குமா என்று முதலில் சோதித்துப் பாருங்கள். தாங்காது என்றால் அக்கம்பக்கத்தில் தாங்கும் பெட்டி வைத்திருப்பவரிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7601 ஆன பிறகு வரிசை முக்கியம். 2019இலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் இற்றைப்படுத்தல்களில் எஸ்எச்ஏ-2 என்ற புதிய வகைக் கையொப்பத்தை மட்டுமே இடத் தொடங்கியது. பழைய விண்டோஸ் 7க்கு அந்தக் கையொப்பத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். அதற்காக முதலில் கேபி4490628, அடுத்து கேபி4474419 ஆகிய இரண்டையும் நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு கேபி2999226. அது ஒரு எம்பி அளவேயான சிறு கோப்பு. இத்தனை பாடும் இந்த ஒரு எம்பிக்காகத்தான். மூன்றையும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் எண்ணைத் தட்டித் தேடலாம். 64 பிட்டுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே ஒரு தொல்லை வரும். கோப்பை இருமுறை சொடுக்கியதும் 'இந்தக் கணினியில் இற்றைப்படுத்தல்களைத் தேடுகிறது' என்ற பச்சைப் பட்டை ஓடத் தொடங்கி, மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். கணினி செத்துவிட்டது என்று எண்ணிப் பொத்தானை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, நெட் ஸ்டாப் வுவாசெர்வ் என்று தட்டி விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்துங்கள். சேவையின் பெயர் ஆங்கிலத்தில் டபிள்யூ, யு, ஏ, யு, எஸ், இ, ஆர், வி என்ற எட்டு எழுத்துகள். உடனே கோப்பை மீண்டும் சொடுக்கினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். நான் பார்த்த விண்டோஸ் 7 கணினிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இந்த ஒரு தந்திரம்தான் நாளைக் காப்பாற்றியது.

அதன் பிறகு விஷுவல் சி++ பொதி. 2015, 2017, 2019, 2022 ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே பொதிதான். விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 என்ற பெயர்கள் எந்தச் செய்தியில் வந்தாலும் அவற்றைத் தருவது இதுவே. இதில் 32 பிட்டுக்கு எக்ஸ்86, 64 பிட்டுக்கு எக்ஸ்64 என இரண்டு உண்டு. 'என்னுடையது 64 பிட் விண்டோஸ், எனவே எக்ஸ்64 போதும்' என்று நினைப்பது தவறு. பொதியை நிர்ணயிப்பது விண்டோஸின் பிட் அன்று, அலுவலக மென்பொருளின் பிட். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆஃபீஸ் ஓடும்போது அது எக்ஸ்86 பொதியைத்தான் தேடும். இரண்டையும் நிறுவிவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை. பழைய பெயர்களுக்கு வேறு பொதிகள்: எம்எஸ்விசிஆர்90 என்றால் 2008, எம்எஸ்விசிஆர்100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. இவை ஒன்றையொன்று ஈடுசெய்யா. கண்ட்ரோல் பேனலில் ஏழெட்டு விஷுவல் சி++ வரிசையாக நிற்பதைப் பார்த்து, வீண் என்று பழையவற்றை நீக்கிவிட்டுப் பிறகு கணக்கு மென்பொருள் திறக்கவில்லை என்று வருபவர்கள் மாதம் ஒருவராவது உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு லிப்ரேஆஃபீஸ் திறக்கும். ஆனாலும் பென்டிரைவில் வந்த அந்தப் பழைய பதிப்போடு நில்லாதீர்கள். எந்தப் பதிப்பு வரை போகலாம் என்றால், 25.8இல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றும் கைவிடப்பட்டன. ஆகவே அதற்கு முந்தைய வரிசையோடு உங்கள் கணினிக்கு எல்லை. அந்த வரிசைகளுக்குச் சர்வீஸ் பேக் 1உடன் கேபி3063858 என்ற இற்றைப்படுத்தலும் தேவை. அதையும் மேலே சொன்ன பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் என்றால், 2016 விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1இல் ஏறும். 2019 விண்டோஸ் 10க்கு முந்தையவற்றில் ஏறாது. பெயரளவில் ஒன்றுபோலத் தெரியும் இன்னொரு செய்தியையும் இங்கே பிரித்துக்காட்ட வேண்டும். காணோம் என்ற கோப்பின் பெயரில் சிஆர்டி என்பதற்குப் பதிலாக ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத் என்று இருந்தால், அது விண்டோஸ் 8இல் பிறந்த உறுப்பு; அந்த மென்பொருள் உங்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டதே அன்று. அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம், பழைய பதிப்பை நாடுங்கள்.

இதே கேள்வியை விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கோப்பு இல்லாதிருக்க வழியே இல்லை. இருந்தும் செய்தி வருகிறதென்றால் விண்டோஸின் கோப்புகள் சிதைந்திருக்கின்றன, அல்லது யாரோ அளவைக் குறைப்பதற்காகப் பாதி உறுப்புகளை அறுத்தெடுத்த 'லைட்' விண்டோஸை ஏற்றியிருக்கிறார்கள். சிதைவு என்றால், நிர்வாகி உரிமையுள்ள கட்டளைச் சாளரத்தில் டிஸ்ம் /ஆன்லைன் /க்ளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த் என்பதை முதலிலும், எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் என்பதை அடுத்தும் இயக்க வேண்டும். எஸ்எஃப்சி பழுதான கோப்புக்கு மாற்றாக விண்டோஸின் உள்கிடங்கிலிருந்து நல்ல படியை எடுத்து வைக்கிறது. அந்தக் கிடங்கே பழுதானால் அது என்ன செய்யும்? கிடங்கைச் செப்பனிடுவது டிஸ்ம். அது 62.3 சதவீதத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்பதுண்டு, சாளரத்தை மூடிவிடாமல் பொறுத்திருங்கள். விண்டோஸ் 7இல் இந்த ரெஸ்டோர்ஹெல்த் கட்டளை கிடையாது. எஸ்எஃப்சி மட்டும் உண்டு. அறுத்தெடுத்த விண்டோஸில் இரண்டு கட்டளைகளாலும் பயனில்லை. ஆஃபீஸ் 2010ஐ நிறுவும்போது எம்எஸ்எக்ஸ்எம்எல் 6.10.1129.0 என்ற உறுப்பு தேவை என்று வரும் புகழ்பெற்ற செய்தியையும் இத்தகைய கணினிகளில் பார்த்திருக்கிறேன். அங்கே மட்டும் நானும் ஃபார்மட் கட்சிதான்.

மிகப் பழைய ஆஃபீஸ் 2003ஐ இன்னும் விடாதவர்களுக்கு எஸ்கேயு011.கேப் கோப்பைக் காணோம் என்று வரும். அது நிறுவல் வட்டிலுள்ள ஒரு கோப்பின் படி. எம்எஸ்ஓகேஷ் என்ற மறைவான கோப்புறையில் ஆஃபீஸ் அதைத் தனக்காக ஒதுக்கி வைத்திருந்தது, இடம் பிடிக்கிறதே என்று யாரோ துடைத்துவிட்டார்கள். சிடியைப் போட்டால் தீரும்.

இனி, எந்த மென்பொருளும் காரணமாகாத ஒரு வகை. குளச்சலுக்கு அருகே கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஓர் அலுவலகத்தில் ஆஃபீஸ் நிறுவும் வேலைக்காக இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். முதல் முறை ஒரு கேப் கோப்பு (சுருக்கிக் கட்டிய நிறுவல் கோப்பு) பழுது என்று நின்றது. மறுமுறை அதைத் தாண்டி வேறொரு கோப்பைக் காணோம் என்றது. மூன்றாம் முறை அதுவும் இல்லாமல் மற்றொன்று. வட்டை மாற்றினேன், பென்டிரைவை மாற்றினேன், கோப்பு சிதையவில்லை என்று காட்டும் சான்றுத்தொகையைக்கூடச் சரிபார்த்தேன்; கோப்புகளில் பிழையில்லை. மாலையில்தான் புத்தி வந்து பெட்டியைத் திறந்தேன். நினைவகப் பலகையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, மஞ்சளாக மின்ன வேண்டிய அதன் தொடுபற்கள் உப்புக்காற்றில் மங்கி, ஓரங்களில் கருமை படர்ந்திருந்தன. மேசைமேல் கிடந்த பள்ளிக்கூட அழிப்பானால் இருபுறமும் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, பொருந்தும் குழியைத் தூரிகையால் துடைத்து, 'டக்' என்ற ஓசை கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினேன். ஆஃபீஸ் ஒரே ஓட்டத்தில் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து நான் முதலில் கேட்பது இதுதான்: ஒவ்வொரு முறையும் அதே கோப்பின் பெயர் வருகிறதா, வேறு வேறு பெயர் வருகிறதா? அதே பெயர் என்றால் இல்லாத பொதியைத் தேடுங்கள். பெயர் மாறிக்கொண்டே இருந்தால் நினைவகம், வன்தட்டு, பென்டிரைவ் ஆகிய மூன்றில் ஒன்றில் குற்றம். எம்டிஷெட் என்று தட்டினால் விண்டோஸே நினைவகத்தைச் சோதித்துச் சொல்லும். பென்டிரைவில் வந்த நிறுவல் கோப்பின் சான்றுத்தொகையைப் பார்க்க, செர்ட்யூடில் -ஹாஷ்ஃபைல் என்று தட்டி, கோப்பின் பெயரையும் எஸ்எச்ஏ256 என்பதையும் அடுத்தடுத்து இடுங்கள். வரும் நீண்ட எண்ணை லிப்ரேஆஃபீஸ் தன் தளத்தில் வெளியிட்டுள்ள எண்ணோடு ஒப்பிடலாம். ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் படி உதவாது. உங்கள் செய்தியில் மூன்று முறையும் ஒரே பெயர் வந்ததாகக் கூறியிருப்பதால்தான் பெட்டியைத் திறக்கச் சொல்லாமல் இவ்வளவு தூரம் எழுதினேன்.

இத்தனையும் செய்தபின் நிறுவல் பாதியில் நின்றால், என்ன நடந்தது என்பதை நிறுவும் நிரலிடமே எழுதி வாங்கலாம். எம்எஸ்ஐஎக்செக் /ஐ என்று தட்டி, நிறுவல் கோப்பின் பெயரை இட்டு, அதன்பின் /எல்*வி என்றும் ஒரு உரைக் கோப்பின் பெயரையும் சேர்த்து இயக்குங்கள். நின்ற பிறகு அந்த உரைக் கோப்பைத் திறந்து, ரிட்டர்ன் வேல்யூ 3 என்ற சொற்களைத் தேடுங்கள். பிழை நேர்ந்த இடம் அநேகமாக அதற்கு மேலே உள்ள சில வரிகளில் இருக்கும். அந்த இடத்திலிருந்து மேல்நோக்கி இருபது வரிகளையும், வின்வெர் காட்டிய பில்ட் எண்ணையும் எனக்கு அனுப்புங்கள்.